அலைமேல் ஒரு குடித்தனம்

சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று நம்மைச் சில நாள் சிந்தனையில் ஆழ்த்தியது. அல்சூரில் நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்து வரும் அன்னையொருவர் எழுதியது அது. அவருடைய மகன் கணினித் துறையில் நல்ல பணியில் இருக்கிறார்; மணமாகி ஈராண்டு ஆகிறது. இப்பொழுது கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்களாம். வேலையை விட்டுவிட்டு, சேமித்த பொருளில் ஒரு பாய்மரப் படகை வாங்கி, அதிலேயே குடியிருந்துகொண்டு வெப்பமண்டலத் தீவுகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வருவது என்பதே அம்முடிவு.

"கைப்பேசியில் படங்களைக் காட்டுகிறான். நீலக் கடல், வெண்மணல், தென்னை மரங்கள், படகின் மேல்தட்டில் சிரித்துக்கொண்டிருக்கும் இணையர். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படகில் யார் சமைக்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. நீங்களாவது சொல்லுங்கள்" என்று அவ்வன்னையார் தம் மடலை முடித்திருக்கிறார்.

அவர் கேட்ட வினாக்கள் எளியவை. ஆயினும் கேட்க வேண்டிய வினாக்கள் அவையே. கடலில் குடித்தனம் நடத்திய பட்டறிவு நமக்கு இல்லை. படித்தும் கேட்டும் அறிந்தவற்றைத் தொகுத்து இத்திங்கள் விடையாகத் தருகின்றோம். அந்த அன்னையார்க்கு மட்டுமன்றி, ஊர்விட்டு ஊர் வந்து குடித்தனம் நடத்தும் நம் எல்லார்க்கும் இதில் சிறிது செய்தி உண்டு என்று கருதுகின்றோம்.

முதற்கண் ஒன்று. இஃது ஏதோ மேனாட்டார் பித்து, நம்மவர்க்கு ஒவ்வாதது என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அக்கப்பல் வல்வைத் தமிழ் மாலுமிகளின் உழைப்பால் கடல்கள் பல கடந்து, 1938 ஆகஸ்டு 1-ஆம் நாள் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அந்த ராபின்சனோ, 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்னும் சிறு படகில் தீவுதோறும் தங்கி உலகைச் சுற்றி வந்தவர்.

நம் நாட்டுப் படகொன்று முதன்முறையாக உலகைச் சுற்றியது 1985-இல் தொடங்கிய பயணத்தில். 37 அடி நீளமே உள்ள 'திரிஷ்ணா' என்னும் அப்படகு, அவ்வாண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, 470 நாட்களில் ஏறத்தாழ 30,000 கடல்மைல் கடந்து, 1987 ஜனவரி 10-ஆம் நாள் பம்பாயை அடைந்தது. அதனைச் செலுத்தியவர்கள் நம் தரைப்படையின் பொறியியற் பிரிவினர். அல்சூர் ஏரிக்கரையில் தலைமையிடம் கொண்ட மதராஸ் சேப்பர்ஸ் அப்பிரிவின் ஓர் அங்கமே. அந்தப் பாளையத்தை ஒட்டித்தான் நம் முன்னோர் பலர் இவ்வூருக்கு வந்து குடியேறினர் என்பதை அன்பர்கள் அறிவர்.

அண்மைச் செய்தியும் உண்டு. கடற்படையின் 56 அடி நீளமுள்ள 'தாரிணி' என்னும் பாய்மரப் படகில் ஆறு பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பர் 10-ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2018 மே 21-ஆம் நாள் திரும்பினர். பின்னர் அதே படகில் இருவர் மட்டுமே, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும், 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கிளம்பி 2025 மே 29-ஆம் நாள் வெற்றியுடன் மீண்டனர். ஆகவே இயலுமா என்னும் வினாவுக்கு இடமில்லை. எவ்வாறு இயன்றது, என்ன விலை கொடுத்து இயன்றது என்பதே வினா.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். தில்னாவும் ரூபாவும் தங்கள் பெரும்பயணத்துக்கு ஆயத்தமாக, 2024 பிப்ரவரி இறுதியில் கோவாவிலிருந்து மொரீசியசுக்குப் புறப்பட்டு, மார்ச்சு திங்களில் போர்ட் லூயித் துறைமுகத்தை அடைந்தார்கள். அந்த மார்ச்சு நம் நினைவை விட்டு நீங்குமோ? இவ்வூரின் ஏறத்தாழ 14,000 ஆழ்துளைக் கிணறுகளுள் 6,900 வற்றிவிட்டன என்று அரசு கணக்குக் கூறிய மார்ச்சு அது. குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் ஆணையிட்ட மார்ச்சு. லாரி வரும் ஓசைக்குக் காது கொடுத்து நம் தாய்மார்கள் குடங்களோடு காத்திருந்த அதே நாட்களில், இரு பெண்கள் நாற்புறமும் நீர் சூழ்ந்த படகில், குடிக்கத்தக்க ஒவ்வொரு லிட்டரையும் எண்ணிச் செலவிட வேண்டிய நிலையில் இருந்தார்கள்.

படகில் நன்னீர் என்பது தொட்டியில் உள்ளது மட்டுமே. குடிக்கவும் சமைக்கவும் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் என்று அளந்துகொள்வார்கள். குளியல் கடல்நீரில், கடைசியில் ஒரு சொம்பு நன்னீரால் உப்பைக் கழுவிவிட்டால் அது பெருஞ்செல்வம். கடல்நீரில் சாதாரணச் சவர்க்காரம் நுரைக்காது, திரிந்து போகும். ஆழ்துளைக் கிணற்று நீரில் துவைத்துப் பழகிய நம்மவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கடல்நீரில் துவைத்த துணி எத்துணை வெயிலில் காய்ந்தாலும் மாலையில் பிசுபிசுக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதே காரணம். உவர்நீரை நன்னீராக்கும் கருவி உண்டென்பது உண்மையே. ஆனால் வளிமண்டலத்தின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 55 மடங்கு அழுத்தத்தில் கடல்நீரை நுண்சவ்வின் வழியே தள்ளுவது அக்கருவி. அதற்கு மின்சாரம் வேண்டும், மாற்று உறுப்புகள் வேண்டும், பழுது பார்க்கத் தெரிந்த கை வேண்டும். ஆகையால் அறிந்தவர்கள் அதனை நம்பித் தொட்டியை வெறுமையாக விடுவதில்லை. மழை வந்தால் பாயை விரித்து நீர் பிடிக்கவும் கற்றிருப்பார்கள்.

அடுத்தது அடுப்பு. ஆடும் படகில் அடுப்பும் ஆட வேண்டும். இரு பக்க அச்சில் தொங்கி, படகு சாய்ந்தாலும் தான் சாயாது நிற்கும் அடுப்பையே பொருத்துவார்கள். பாத்திரம் வழுக்காமல் இருக்கக் கம்பிகள் உண்டு. சமைப்பவர் விழாமல் இருக்க இடுப்புப் பட்டை உண்டு. பிரஷர் குக்கரே அங்கு அரசி; கவிழ்ந்தாலும் மூடி திறவாது, எரிபொருளும் குறைவு. சமையல் எரிவாயுவில் பேரிடர் ஒன்று உண்டு. அது காற்றினும் கனமானது. நம் வீட்டில் கசிந்தால் கதவையும் சன்னலையும் திறந்துவிடுகிறோம். படகில் கசிந்தால் அடித்தட்டில் இறங்கித் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். அதனால் ஒவ்வொரு முறை சமைத்து முடித்ததும் உருளையின் வாயையே மூடிவிடுதல் மாறா விதி.

குளிர்ப்பெட்டியை நம்பி உணவு சேர்ப்பவர் ஏமாறுவர். முட்டையைக் கழுவாமல் வாங்கி, மேலே எண்ணெய் தடவி, இரண்டொரு நாளுக்கு ஒருமுறை திருப்பி வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் இடலாகாது. வாழைத்தாரை ஆசையோடு கட்டித் தொங்கவிட்டால் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுத்து, மூன்று வேளையும் வாழைப்பழமே உணவாகும். அட்டைப் பெட்டிகளைப் படகில் ஏற்றமாட்டார்கள். அவற்றின் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒளிந்து வரும். தகர டப்பாவின் தாள் ஈரத்தில் உரிந்துபோவதால் மேலே மையால் பெயர் எழுதிவைப்பார்கள். இல்லையேல் பருப்பென்று திறந்தால் பழச்சாறு கிடைக்கும்!

இவ்விடத்தில் நம் பாட்டிமார்களை நினைத்துப் பெருமிதம் கொள்கின்றோம். சுண்டைக்காய் வத்தல், வடகம், அப்பளம், எலுமிச்சை ஊறுகாய், புளி, வறுத்தரைத்த பொடிகள் ஆகிய இவை யாவும் குளிர்ப்பெட்டி இல்லாத உலகுக்கென்றே செய்யப்பட்டவை அல்லவா? பசுங்காய் இன்றிப் பல வாரம் கடலில் கழித்த பழங்கால மாலுமிகள் ஈறு வீங்கி மாண்டனர். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் அந்நோயைப் போக்குவதைச் சோதித்துக் காட்டினார். ஒரு கைப்பிடிப் பச்சைப் பயற்றை ஈரத்துணியில் முளைகட்டி உண்டாலும் அக்குறை ஓரளவு தீரும். அன்னையாரே, மருமகளுக்கு வடகம் இடக் கற்றுக்கொடுங்கள். எந்தப் படத்திலும் கிடைக்காத கல்வி அது.

மூன்றாவது உறக்கம். நள்ளிரவில் படகை ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்க முடியாது. எந்நேரமும் ஒருவர் விழித்துக் கண்காணிக்க வேண்டும் என்பது கடற்போக்குவரத்து விதி. இருவரே உள்ள படகில் ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருப்பார். கணவனும் மனைவியும் ஒரே பத்தடிக்குள் இருந்தும், முகம் பார்த்துப் பேச நேரமின்றி நாட்கள் கழியும். இரவுப்பணிக்குக் கணவன் போகவும் பகற்பணிக்கு மனைவி போகவும், சமையலறை மேசையில் சீட்டெழுதி வைத்துக் குடும்பம் நடத்தும் இளந்தம்பதியர் பலர் நம் ஊரிலும் உள்ளனர். அவர்கள் இதனை உணர்வார்கள். உறக்கம் குறைந்தால் முதலில் கெடுவது கை அன்று, நாக்கு. பிறகு கெடுவது அறிவு.

நான்காவது, ஓயாத பழுது. வெப்பக்கடலின் வெயில் பாயின் நூலை அரிக்கும். கயிறு உராய்ந்து நையும். அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் பற்றி வேகத்தைக் குறைக்கும். மெத்தையில் பூஞ்சை பூக்கும். உப்புநீரில் இருவேறு உலோகங்கள் சேர்ந்திருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். அதற்கென்றே துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி, 'நீ கரைந்துபோ, மற்றவை பிழைக்கட்டும்' என்று விட்டுவிடுவார்கள். நம் வீட்டு வெந்நீர்க் கலத்தினுள் உள்ள மக்னீசியக் கோலும் அத்தகைய தியாகியே. பயிற்சி பெற்ற கடற்படையினர்க்கும் இத்தொல்லை தப்பவில்லை. 2018-இல் 'தாரிணி' நாடு திரும்பும் வழியில் திசைதிருப்பும் அமைப்பில் கோளாறு ஏற்பட, திட்டத்தில் இல்லாத போர்ட் லூயித் துறைமுகத்தில் ஒதுங்க நேர்ந்தது. தீவுதோறும் படகைச் செப்பனிட்டுக்கொண்டிருப்பதே தீவுப்பயணம் என்று இத்துறையில் உள்ளோர் வேடிக்கையாகச் சொல்வதில் உண்மை மிகுதி.

தீவை அடைந்தால் துன்பம் தீர்ந்ததா? அங்கேதான் புதியது தொடங்குகிறது. பவளப்பாறைகளுக்கிடையே நுழையக் கதிரவன் உச்சியிலோ முதுகுப்புறத்திலோ இருக்க வேண்டும். எதிர்வெயிலில் பாறை கண்ணுக்குத் தெரியாது. நங்கூரச் சங்கிலியை ஆழத்தைப்போல் ஐந்து மடங்கேனும் விட வேண்டும். இரவில் காற்று திரும்பினால் நங்கூரம் இழுபட்டுப் படகு பாறையில் மோதும். எனவே அங்கும் அரைத்தூக்கமே. பவளம் கீறிய சிறு காயம் வெப்ப நாட்டில் எளிதில் ஆறாது. பாறையருகே பிடித்த பெரிய மீனில் 'சிகுவாடெரா' என்னும் நஞ்சு இருக்கலாம். எவ்வளவு வேகவைத்தாலும் அந்நஞ்சு அழியாது. எந்த மீனை உண்ணலாம் என்பதை அவ்வூர்ச் செம்படவரிடம் கேட்டறிவதே வழி. மருத்துவர் பல நாள் தொலைவில் இருப்பார். மருந்துப் பெட்டியும் அதனைப் பயன்படுத்தும் பயிற்சியுமே துணை.

வானிலைக்கும் அடங்கி நடக்க வேண்டும். தென்னிந்தியப் பெருங்கடலிலும் தென்பசிபிக்கிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம்; வட அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர் வரை. 'எங்கே போக விருப்பம்' என்று நாட்காட்டியைப் புரட்டுவதன்று. 'எப்போது எங்கே இருக்கலாகாது' என்று பார்த்தே வழி வகுப்பார்கள். நிலநடுக்கோட்டருகே காற்றே வீசாமல் படகு நாட்கணக்கில் நிற்பதும் உண்டு. மாலை ஆறு மணிக்குச் சில்க் போர்டு சந்திப்பில் நின்றவர்க்கு அப்பொறுமை ஓரளவு கைவந்திருக்கும்!

துறைமுகத்தில் மஞ்சள் கொடி ஏற்றி, அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை ஒருவரும் இறங்காமல் காத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் அரும்பாடுபட்டுக் காத்த காய்கனிகளையும் பயறுகளையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு குடியுரிமைத் தாள், சுங்கத் தாள், தங்கும் அனுமதிக்குக் கெடு. புது ஊரில் குடும்ப அட்டைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் வரிசையில் நின்ற நமக்கு இவையெல்லாம் அயலான செய்திகள் அல்ல.

இத்தனையும் சொன்ன பின், எல்லாவற்றினும் பெரிய இடர் ஒன்று எஞ்சி நிற்கிறது. அது மனம். தில்னாவும் ரூபாவும் 2025 ஜனவரி 30-ஆம் நாள் தென்பசிபிக்கில் நீமோ முனை என்னும் இடத்தைக் கடந்தனர். அங்கிருந்து மிக அண்மையிலுள்ள நிலமே 2,688 கிலோமீட்டர் தொலைவு. அத்தகைய தனிமையில் அருகிலிருக்கும் ஒரே மனிதரிடம் பிணக்கு வந்தால் எங்கே போவது? கதவைச் சாத்திக்கொள்ளத் தனியறை இல்லை, தாய்வீடு இல்லை, 'சற்று வெளியே போய் வருகிறேன்' என்று சொல்ல வெளியே இல்லை. ஈராண்டு, மூவாண்டு பயிற்சியில் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட பின்னரே அவ்விருவரும் அப்பயணத்தை மேற்கொண்டனர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். புயலால் முறிந்த பயணங்களைவிட, 'ஈரத்துணியை ஏன் இங்கே போட்டாய்' என்பதில் தொடங்கி முறிந்தவையே மிகுதியாக இருக்கும் என்பது நம் துணிபு.

அன்னையாரே, இப்பொழுது உங்கள் மகனுக்கு வருவோம். 'போகாதே' என்று தடுக்க நாம் சொல்லமாட்டோம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நீங்களும் உங்கள் கணவரும் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்போடும் இவ்வூர் நிலையத்தில் வந்து இறங்கியதாக உங்கள் மடலிலேயே எழுதியிருக்கிறீர்கள். மொழி தெரியாத ஊர், ஒற்றை அறை, தெருக்குழாய்த் தண்ணீர். அன்று உங்கள் தாயாரும் இவ்வாறே நெஞ்சு பதைத்திருப்பார் அல்லரோ? அதேபோல் 'போ, வாழ்க' என்று கண்ணை மூடி வாழ்த்தவும் சொல்லமாட்டோம். உலகைத் தனியே நில்லாமல் சுற்றிய முதல் இந்தியரான அபிலாஷ் டாமியே 2018 செப்டம்பரில் இந்தியப் பெருங்கடற் புயலில் முதுகெலும்பு நொறுங்கிக் கிடந்து, பிரெஞ்சுக் கப்பலால் மீட்கப்பட்டார். கடல் எவருடைய பெருமையையும் பார்ப்பதில்லை.

ஆகவே மகனையும் மருமகளையும் அமரவைத்து நான்கு கேள்விகள் கேளுங்கள். படகை வாங்குமுன், பிறர் படகில் ஒரு திங்களேனும் ஏவலாளாக இருந்து பார்த்தீர்களா? சென்னையில் 1911-இல் தோன்றிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் பாய்மரம் பழக வழியுண்டு. இரண்டாவது, இருவரும் தனித்தனியே படகைக் கரைசேர்க்க வல்லவர்களா? ஒருவர் நோயுற்றால் மற்றவரே மாலுமி. மூன்றாவது, பழுதுக்கும் மருத்துவத்துக்கும் திரும்பி வருவதற்கும் தொடாத ஒரு தொகை தனியே உண்டா? நான்காவது, இவ்வாசை இருவருடையதா, ஒருவருடையதை மற்றவர் சுமக்கிறாரா? இந்த நான்காவது கேள்வியை மருமகளிடம் தனியாகக் கேளுங்கள். மாமியாராக அன்று, தாயாகக் கேளுங்கள். அவர் விடை எதுவாயினும் அதனை மகனிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

நான்குக்கும் நல்ல விடை கிடைத்தால் அவர்களுக்கு ஊறுகாய் கட்டிக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் ஓராண்டு பொறுக்கச் சொல்லுங்கள். அந்த ஓராண்டில் வீட்டிலேயே நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீரில் வாழ்ந்து பார்க்கட்டும். இவ்வூரில் அப்பயிற்சிக்கு இடமா இல்லை?

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது நம் ஊர்ப் பழமொழி. இல்லறம் நிலத்தில் நடந்தாலும் நீரில் நடந்தாலும் அதன் நங்கூரம் ஒன்றே. அளந்து செலவிடும் கையும், முறை வைத்து விழித்திருக்கும் பொறுப்பும், மனக்கசப்பை அன்றன்றே பேசித் தீர்க்கும் வாயும் உள்ள இடத்தில் பத்தடிப் படகும் பெருமனையாகும். அவை இல்லாத இடத்தில் மூன்று படுக்கையறை வீடும் இழுபடும் நங்கூரந்தான். அன்னையார் தம் வீட்டில் நடந்ததை அடுத்த திங்கள் நமக்கு எழுதுவார் என்று எதிர்பார்த்திருக்கின்றோம்.